கட்டியிருக்கு, கட்டி இருக்கு

பேச்சில் இரண்டும் ஒன்றுதான். எழுதினால்தான் நடுவில் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் எனக்கு ஏழு வாரம் போனது.

பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம். கல்கத்தாவில், பெஹாலாவில் மூன்றாவது மாடி வாடகை வீடு. கணவருக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸ். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அதாவது மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் வாயில் விழுவது. டெஸ்டரை யாருக்கும் பிடிக்காது. "என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். "அப்ப உங்க மெஷினையே கஸ்டமருக்குக் குடுத்துருங்களேன்" என்பேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் குளிக்கும்போது, சோப்புக் கையில், இடது மார்பில் அக்குள் பக்கமாக ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். வலி இல்லை. அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது, நகரவும் இல்லை. பாப்பா வெளியே கத்திக்கொண்டிருந்தாள். அவசர அவசரமாகத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் திருச்சிக்கு, அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, இடது பக்கம் கட்டி இருக்கும்மா."

"கட்டியிருக்கா? ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் குடுடின்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்! அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்து கெடந்தா பால் கட்டத்தான் செய்யும்."

நான் சொன்னது கட்டி. அம்மா காதில் விழுந்தது பால் கட்டியது. பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்கு அந்த இடத்தில் வேறு என்ன இருந்துவிடப் போகிறது? எனக்கு அப்போதே தெரிந்தது, அம்மா வேறெதையோ கேட்டுக்கொண்டாள் என்று. ஆனால் திருத்தவில்லை. இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். பாலாகவே இருந்துவிட்டால் தேவலை என்று எனக்கும் இருந்தது. அம்மா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

பால் கட்டினால் எங்கள் பக்கத்தில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கவும் அதுதான் வைத்தியம். கணவர் ஆபீஸ் விட்டதும் நேராக வீட்டுக்கு வராமல் கரியாஹாட் மார்க்கெட் போய், பேல் ஃபூல் என்று இங்கே விற்கிற மல்லிகைச் சரம் நாலு முழம் வாங்கி வந்தார். பூக்காரர், "பௌதிக்கா?" என்று கேட்டுக் கண்ணடித்தாராம். இவரும் புது மாப்பிள்ளை மாதிரி சிரித்துவிட்டு வந்திருக்கிறார். பௌதி என்றால் அண்ணி. அந்த அண்ணி தலையில் ஒரு பூகூட வைத்துக்கொள்ளாமல், இருந்த பூவையெல்லாம் உள்ளாடைக்குள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று அந்த மனுஷருக்கு எங்கே தெரியப்போகிறது!

ஏறக்குறைய மூன்று வாரம் வீடு கல்யாண மண்டபம் மாதிரி மணந்தது. நல்ல வேளை, வீடியோ காலில் வாசனை போகாது. இடது பக்கம் பால் குறைந்தது. கட்டி குறையவில்லை.

அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். எங்கள் தெருமுனை மருந்துக் கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதுதான் அவருடைய சேம்பர். நடுத்தர வயது, நல்ல கைராசி என்று பேர். கல்கத்தாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகியும் என் பெங்காலி மார்க்கெட்டோடு நின்றுவிட்ட பெங்காலி. வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போய், "தூத் ஜொமே கேச்சே" என்றேன். பால் உறைந்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்த பாலைப் பற்றிச் சொல்லக் கற்றுக்கொண்ட வாக்கியம் அது. யோசித்துப் பாருங்கள், உடம்புக்கு என்ன என்று கேட்கப் போன நானே, என்ன என்பதையும் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அவர் சுடிதாருக்கு மேலேயே ரெண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். ரெண்டு வினாடி இருக்கும். ஆன்டிபயாடிக் எழுதினார். எழுந்திருக்கும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "வேற ஏதாவது இருக்குமா?" என்று கேட்டேன். சிரித்தார். "இந்த வயசுல அதெல்லாம் வராது. அதுவும் பால் குடுக்கறவங்களுக்கு!" என்றார். 'அது' என்றுதான் சொன்னாரே தவிர, எது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வரும் வழியில் சந்தேஷ் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் மூன்று பேரும் தின்றோம். பாப்பாவுக்கு ஒரு துணுக்கு.

மாத்திரை ஏழு நாள். ஏழு நாளும் முடிந்து அது அங்கேயேதான் இருந்தது. இதற்கு நடுவில் பாப்பா இடது பக்கம் குடிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்க ஆரம்பித்தாள். வாயை வைப்பாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலது பக்கம் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி குடிப்பாள். "பூ வாசனை ஒத்துக்கலையோ என்னவோ. புள்ளைங்களுக்கு ஒரு பக்கம் பிடிக்காமப் போறது சகஜந்தான்டி" என்றாள் அம்மா. அதற்கும் சரி என்று தலையாட்டினேன். எத்தனை சரி போட்டிருக்கிறேன் நான்!

ஒரு நாள் மத்தியானம் அறைக்குள் கட்டியிருந்த கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மழைக்காலம், வெளியே காயாது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு, மேலே துண்டோடு நின்றவள் கையைத் தூக்கியபோது துண்டு அவிழ்ந்து விழுந்தது. எதிரே பீரோக் கண்ணாடி. இடது பக்கத்தில் தோல் ஓரிடத்தில் உள்ளே குழிந்திருந்தது. மாவில் விரல் வைத்து எடுத்த மாதிரி. கையை இறக்கினேன், குழியைக் காணோம். தூக்கினேன், வந்தது. மறுபடி இறக்கினேன், மறுபடி தூக்கினேன். கீழே கிடந்த துண்டை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலை பார்த்துப் பார்த்து ஊறிப்போன புத்தி அந்த நேரத்தில்தான் விழித்தது. எங்கள் வேலையில் யாராவது ஒரு குறையைச் சொன்னால் அதற்கு ஒரு டிக்கெட் போடுவோம். சரிசெய்தாகிவிட்டது என்று எவ்வளவு பெரிய ஆள் வந்து சொன்னாலும், நான் மறுபடி ஓட்டிப் பார்க்காமல் அந்த டிக்கெட்டை மூட விடமாட்டேன். மேனேஜரோடு சண்டை போட்டாவது திறந்தே வைத்திருப்பேன். இங்கே என்ன நடந்திருக்கிறது? அம்மா மூடினாள். டாக்டர் மூடினார். நான் சந்தேஷ் வாங்கி மூடினேன். ஒருத்தராவது மறுபடி பார்த்தோமா?

ஒரு நோட்டை எடுத்தேன். தினமும் இடது பக்கம் பாலை பம்பில் எடுப்பதற்கு முன்னால் எப்படி இருக்கிறது, எடுத்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதினேன். பால் கட்டினால் வலிக்கும், சூடாக இருக்கும், பாலை எடுத்துவிட்டால் இளகும். பிரசவமான புதிதில் எனக்கு ஒரு தடவை நிஜமாகவே கட்டியிருந்தது, அதனால் தெரியும். இது வலிக்கவில்லை, சுடவில்லை, இளகவில்லை. பத்தாம் நாள் இடது பக்கத்தில் எடுக்கப் பாலே இல்லை. கட்டி மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. பாலே இல்லாத இடத்தில் எந்தப் பால் கட்டும்?

கணவர் வந்து காபி குடிக்கும்வரை பொறுத்திருந்து, நோட்டை முன்னால் வைத்தேன். படித்தார். நோட்டை மூடி வைத்தார். பிறகு, "பூஜோ முடியட்டும்" என்றார்.

இந்த ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துர்கா பூஜை நெருங்கிவிட்டால் கல்கத்தாவில் எல்லாமே பூஜைக்கு அப்புறம்தான். குழாய் ரிப்பேரும் அப்புறம், வாடகைப் பத்திரமும் அப்புறம், பல்வலிகூட அப்புறம். தெருவை அடைத்துப் பந்தல் போட்டுவிடுவார்கள். நாலு வருஷத்தில் இவரும் முழு பெங்காலி ஆகியிருந்தார்.

"பூஜைக்கு இன்னும் ரெண்டு நாள்தாங்க இருக்கு. அது முடிஞ்சு, லட்சுமி பூஜை முடிஞ்சு, டாக்டருங்க எல்லாம் ஊர் சுத்திட்டு வர்றதுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆயிரும்."

"உனக்கு முப்பது வயசுகூட ஆகல. டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. நெட்ல எதையாவது படிச்சுட்டுப் பயந்து சாகாத."

"பயந்திருந்தா மூலைல உக்காந்து அழுதிருப்பேன். நான் பத்து நாள் பாத்து எழுதி வச்சிருக்கேன். நீங்கதான் பயப்படறீங்க."

 அவர் எழுந்து பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அம்மாவிடம் சொன்னால், "பூஜை முடியட்டும், நான் வரேன், சேந்து போவோம்" என்றாள். ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கீழ் வீட்டில் ஒரு பௌதி இருக்கிறாள். என் வயசுதான், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பாப்பாவை அடிக்கடி தூக்கிக்கொண்டு போவாள். நேராக அவள் சமையலறையில் போய் நின்றேன். "பௌதி, பெங்காலியில கட்டிக்கு என்ன சொல்வீங்க? பால் இல்லாத கட்டி" என்று பாதி ஹிந்தியிலும் பாதி கையிலுமாகக் கேட்டேன். மீன் பொரித்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள்.

"எங்க?" என்றாள். காட்டினேன்.

"அதுக்கு சாக்கா." வண்டிச் சக்கரத்துக்கும் அதே பெயர்தான், எனக்குத் தெரிந்த சொல்தான். இந்த இடத்தில் உபயோகப்படும் என்று தெரியாமல் போய்விட்டது.

"எத்தன நாளா?"

"ஏழு வாரம்."

"நாளைக்குக் காலைல போறோம்."

"நாளைக்குப் பஞ்சமி. பூஜோ..."

"மா துர்கா அடுத்த வருஷமும் வருவா. நீ இருந்து பாக்க வேண்டாமா?" என்று அதட்டினாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவள் மசாலாக் கையோடு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதித் தெருக்களில் மூங்கில் கட்டி மறித்திருந்தார்கள். ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தோம். பாப்பா பௌதி இடுப்பில். கவுண்டரில் இருந்த பெண் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பூஜோர் பொரே ஆஷுன்" என்றாள். பூஜை முடிந்து வாருங்கள்.

"முடியாது" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர். முந்தின நாள் பௌதியிடம் பாடம் பண்ணியதை அப்படியே சொன்னேன். "என் மார்பில் சாக்கா இருக்கு. ஏழு வாரமா இருக்கு. வலி இல்ல. வளருது. கையத் தூக்கினா தோல் உள்ள இழுக்குது. இது பால் இல்ல. இன்னிக்கு டாக்டர் பாக்கற வரைக்கும் நான் போகமாட்டேன்." பின்னால் நின்ற ஒருத்தர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அவருக்குத்தான் வெட்கம். மார்பு என்ற சொல்லை நான் அதுவரை எந்த மொழியிலும் ஆண்கள் நிற்கிற இடத்தில் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட 'இடது பக்கம்' என்றுதானே சொன்னேன்! மார்பில் கட்டி என்று அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அம்மாவும் வேறு மாதிரி கேட்டிருப்பாள்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. பாப்பா பசிக்கு அழுதாள், வலது பக்கம் கொடுத்தேன். கடைசியில் கவுண்டர்ப் பெண்ணே எழுந்து உள்ளே போய், கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்த ஒரு பெண் டாக்டரைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

டாக்டர் திரையை இழுத்துவிட்டுத் துணியை எடுக்கச் சொன்னார். முதலில் தொடவே இல்லை, பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், இடுப்பில் வைக்கச் சொன்னார். பிறகுதான் ரெண்டு பக்கமும், அக்குளிலும் தொட்டுப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "வயசு?" என்று கேட்டதும் நான் சண்டைக்குத் தயாராகிவிட்டேன். "இருபத்தொம்பது." அவர் ஃபாரத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

"இந்த வயசுல வராதுன்னாங்களே?" நானே கேட்டேன்.

"வரும். குறைவா வரும். அந்தக் குறைவான பேர்ல நீங்க இருக்கீங்களா இல்லையான்னு பாத்தாத்தானே தெரியும்?" என்றார். "பால் குடுக்கறவங்களுக்கும் வரும். கட்டி போகலன்னா பாத்தே ஆகணும்."

அன்றைக்கே அல்ட்ராசவுண்ட், அன்றைக்கே ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். ரிசல்ட்டுக்கு மட்டும் பூஜை முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, லேப் மூடிவிட்டார்கள். இருக்கட்டும், இப்போது காத்திருப்பது காகிதத்துக்குத்தான். தெருவெல்லாம் டாக் மேளம் காதைப் பிளந்தது. அஷ்டமியன்று பந்தல் பார்க்கப் போன இடத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பயந்துட்டேன்டா, அதான் அப்படிச் சொல்லிட்டேன்" என்றார். "எனக்கு மட்டும் பயம் இல்லயா?" என்றேன். ரெண்டு பேரும் அழுதோம். பக்தி என்று நினைத்துக்கொண்டு ஒரு அம்மாள் எங்களுக்கு வழிவிட்டாள்.

லட்சுமி பூஜைக்கு மறுநாள் ரிசல்ட் வந்தது. இந்தத் தடவை அம்மாவுக்குப் போன் போட்டபோது அரைகுறையாக எதையும் சொல்லவில்லை.

"அம்மா, மார்ல இருக்கறது பால் இல்ல. கேன்சர்."

 அம்மா, "நான் காதுல வாங்கினதே தப்பாப் போச்சேடி" என்றாள். ரெண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து இறங்கினாள். வந்ததும் துணியை விலக்கிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். காபிதான் போட்டுக் கொடுத்தேன்.

கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் ஆயிற்று. முடி போயிற்று, இடது மார்பு போயிற்று. பாப்பாவுக்குப் பாலை ஒரே நாளில் நிறுத்த வேண்டியிருந்தது, அவள் மூன்று ராத்திரி அழுதது இன்னும் காதில் இருக்கிறது. எல்லாவற்றையும் விட அதுதான் கஷ்டம். கேன்சர் அக்குளோடு நின்றிருந்தது, அதற்கு மேல் போகவில்லை என்றார் டாக்டர். இன்னும் தாமதமாகியிருந்தால் என்ன என்று கேட்டேன். "வந்துட்டீங்கல்ல, அத விடுங்க" என்றார். அவர் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது.

தலையில் முடி அரை அங்குலம் முளைத்திருந்த சமயம், ஒரு நாள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்குப் பின்னால் இருக்கிற அந்த சேம்பருக்குப் போனேன். "எதுக்கு இப்ப போய் சண்ட?" என்றார் கணவர். சண்டைக்கு இல்லை என்றேன். கொஞ்சம் சண்டைக்கும்தான். மற்றவர்களைப் போலவே டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஃபைலைத் திறந்து, முதலில் அவருடைய சீட்டு, அதன் பக்கத்தில் பயாப்ஸி ரிப்போர்ட், இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

படித்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்கதானே வந்து பால் கட்டியிருக்குன்னு சொன்னீங்க?" என்றார் மெதுவாக, சீட்டில் தான் எழுதியிருந்ததைக் காட்டி.

"ஆமா டாக்டர், நான்தான் சொன்னேன். என்னன்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தேன். தெரிஞ்சிருந்தா நேரா ஆஸ்பத்திரிக்கே போயிருப்பேனே."

 வெளியே யாருடைய குழந்தையோ அழுதுகொண்டிருந்தது.

"இன்னொருத்தி வருவா. என் வயசு இருக்கும், கைல புள்ள இருக்கும், பால்னுதான் சொல்லுவா. துணிய விலக்கிப் பாருங்க. கையத் தூக்கச் சொல்லிப் பாருங்க. போகலன்னா ஸ்கேனுக்கு அனுப்புங்க. வயசச் சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீங்க."

மன்னிப்பு கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சீட்டுப் புத்தகத்தை இழுத்து ஒரு வெற்றுத் தாளைத் திருப்பிக்கொண்டு, "ஆஸ்பத்திரில உங்களப் பாத்த அந்த டாக்டர் எந்தெந்த நாள் உக்கார்றாங்க, எந்த அறை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதி முடிக்கிறவரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.